சான் ரெமோவில் ஆறு நாள் சைக்கிள்: கடலோரச் சாலையா, பின்னால் இருக்கும் மலையா?

சேலத்துச் சக்கரம் | திங்கள், இரவு 10.15

வணக்கம் நண்பர்களே. மார்ச் மூன்றாம் வாரம் வேலை விஷயமாகப் பிரான்ஸில் இருக்கும் நீஸ் நகருக்குப் போகிறேன். புதன்கிழமையோடு வேலை முடிந்துவிடும். வியாழன் முதல் செவ்வாய் வரை ஆறு நாள் கையில் இருக்கிறது. மனைவியும் வருகிறார். எல்லையைத் தாண்டி இத்தாலிப் பக்கம் போய், சான் ரெமோவில் அறை எடுத்து, அங்கிருந்தே தினமும் ரோடு பைக் ஓட்டலாம் என்று நினைத்திருக்கிறோம்.

அந்தச் சனிக்கிழமைதான் மிலான்–சான் ரெமோ பந்தயம். கல்லூரிக் காலத்திலிருந்து மார்ச்சில் அந்த ஒரு சனிக்கிழமை இரவு எனக்கு வேறு வேலை கிடையாது. கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் ஓடிவிட்டு, கடைசி அரை மணி நேரத்தில் எல்லாம் முடிவாகும் பந்தயம் அது. கடைசியாக வரும் போஜ்ஜோ ஏற்றத்தில் பூந்தோட்டக் கொட்டகைகளுக்கு நடுவே ஒருவன் எழுந்து மிதிக்கும்போது, நம் வீட்டுக் கூடத்தில் நானும் எழுந்து நின்றிருக்கிறேன். அந்தச் சாலையில் என் சக்கரமும் ஒருமுறை உருள வேண்டும்.

இப்போதைய திட்டம்: வியாழன் போஜ்ஜோ, வெள்ளி பந்தயத்தில் அதற்கு முன்னால் வரும் சிப்ரெஸ்ஸா ஏற்றம், சனி பந்தயம், ஞாயிறு முதல் செவ்வாய் வரை அவுரேலியா கடலோரச் சாலையில் கிழக்கே எவ்வளவு முடியுமோ அவ்வளவு. நான் வாரம் ஒருமுறை ஏற்காடு ஏறுகிறவன், மாதம் ஒருமுறை கொல்லிமலை. மனைவி 30 கிலோமீட்டர் வரை சமதளத்தில் நன்றாக ஓட்டுவார், லாரி வரும் சாலை மட்டும் பிடிக்காது. அங்கே ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நீஸ்வாசி | செவ்வாய், காலை 1.40

தம்பி, பதினோரு வருடமாக நீஸில் இருக்கிறேன். வருடத்தில் பத்துப் பதினைந்து முறை அந்தப் பக்கம் ஓட்டுவேன். உங்கள் திட்டத்தைப் பார்த்ததும் தூங்கப் போகாமல் எழுதுகிறேன்.

போஜ்ஜோ 3.7 கிலோமீட்டர். சராசரிச் சாய்வு 4% கூட இல்லை, உச்சியை ஒட்டி ஓர் இடத்தில் மட்டும் 8%. சிப்ரெஸ்ஸா 5.6 கிலோமீட்டர், சராசரி 4%. ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி ஏறுகிற கால்களுக்கு இரண்டுமே காலைக் காபிக்கு முன்னால் முடிந்துவிடும். பந்தயக்காரர்களுக்கு அது கடினமாக இருப்பது, அதற்கு முன் அவர்கள் ஓட்டிய தூரத்தாலும் ஏறுகிற வேகத்தாலும்தான். அவர்கள் போஜ்ஜோவை 6 நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். நாம் 12, 13 நிமிடத்தில் உச்சிக்கு வந்து, 'இவ்வளவுதானா?' என்று சுற்றிப் பார்ப்போம். ஆறு நாளில் இரண்டு நாளை அதற்குக் கொடுக்காதீர்கள்.

அந்த நிலத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். ஆல்ப்ஸ் மலை அங்கே நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. சமவெளி என்பதே கிடையாது. மலையிலிருந்து வடக்கு தெற்காக ஆறுகள் இறங்குகின்றன: வென்டிமிலியா பக்கம் நெர்வியா, சான் ரெமோவை ஒட்டி ஆர்மியா, தாஜ்ஜாவில் ஆர்ஜென்டினா. ஒவ்வோர் ஆற்றோடும் ஒரு சாலை மேலே போகிறது. கடலை ஒட்டிக் கிழக்கு மேற்காகப் பழைய வழியாக இருப்பது ஒரே சாலை, அவுரேலியா. ரோமர் காலத்துப் பெயர். ஊர், கடை, ஸ்கூட்டர், வேன், பேருந்து எல்லாம் அதில்தான். பள்ளத்தாக்குச் சாலைகளில் பத்து நிமிடத்துக்கு ஒரு கார் வரும். ஆகவே மேலே ஏறுங்கள். ஒரு பள்ளத்தாக்கில் ஏறி, கணவாயைத் தாண்டி, அடுத்த பள்ளத்தாக்கில் இறங்குங்கள்.

ஒரே ஒரு சுற்று சொல்கிறேன். மற்றது எது விட்டாலும் இதை விடாதீர்கள்.

சான் ரெமோவிலிருந்து மேற்கே ஒஸ்பெதலெட்டி, பொர்திகேரா வழியாகக் கடலை ஒட்டிப் போய், நெர்வியா ஆறு கடலில் சேரும் இடத்தில் வலப்பக்கம் திரும்புங்கள். டோல்சேஆக்வா வரைக்கும் சாலை கிட்டத்தட்டச் சமம். அங்கே ஒற்றை வளைவில் நிற்கும் பழைய கல்பாலமும் அதற்கு மேலே டோரியா குடும்பத்துக் கோட்டையும் இருக்கின்றன. 1884ல் பிரெஞ்சு ஓவியர் மோனே வந்து அந்தப் பாலத்தை வரைந்தார். அப்புறம் இசோலாபோனா, அங்கிருந்து அப்ரிகாலே. மலைமுகட்டில் கல்வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் இருக்கும் ஊர். உண்மையான ஏற்றம் அதற்குப் பிறகுதான். பையார்தோ வரைக்கும் 600 மீட்டர் ஏற வேண்டும். முதலில் ஒலிவம், பிறகு பைன், பிறகு செஸ்ட்நட். மரம் மாறுவதை வைத்தே எவ்வளவு உயரம் வந்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம்.

பையார்தோ சுமார் 900 மீட்டரில் இருக்கிறது. ஊரின் உச்சியில் கூரை இல்லாத தேவாலயம் ஒன்று நிற்கிறது. 1887 பிப்ரவரி 23, சாம்பல் புதன். ஊரே காலைப் பூசைக்கு உள்ளே இருந்தபோது நிலநடுக்கம் வந்து கூரை விழுந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுவரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். உள்ளே நின்று மேலே பார்த்தால் வானம், வெளியே வந்தால் ஒரு பக்கம் பனி மூடிய ஆல்ப்ஸ், மறுபக்கம் கடல். நான் எத்தனை முறை போனாலும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன்.

அங்கிருந்து கிம்பெஞ்ஞா கணவாய். பிறகு செரியானாவுக்கு நீண்ட இறக்கம். செரியானாவிலிருந்து வரும் சாலை எங்கே போய் முடிகிறது தெரியுமா? போஜ்ஜோ ஊருக்குள்ளேயே! 60 கிலோமீட்டர் மலையில் ஓட்டிவிட்டு, பந்தயக்காரர்கள் உச்சியில் திரும்பும் அதே இடத்துக்கு மேலே இருந்து வந்து சேர்வீர்கள். அங்கிருந்து அவர்கள் இறங்கும் சாலையிலேயே சான் ரெமோவுக்குள் இறங்கலாம். மொத்தம் சுமார் 70 கிலோமீட்டர். போஜ்ஜோவைப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பெலோட்டான் பிரியன் | செவ்வாய், காலை 8.05

நீஸ்வாசி அண்ணா சொன்ன சுற்றை நானும் ஓட்டியிருக்கிறேன், அருமையானது. ஆனால் அவுரேலியாவை இப்படி ஒதுக்குவதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த நண்பர் வருவது இயற்கைக் காட்சிக்காக மட்டும் அல்ல. 1907ல் தொடங்கிய பந்தயத்தின் சாலைக்காக வருகிறார். அந்தப் பந்தயத்தில் போஜ்ஜோ சேர்ந்தது 1960ல், சிப்ரெஸ்ஸா 1982ல். அதற்கு முன் அதன் முதுகெலும்பே கடலோரச் சாலையும் மூன்று முனைகளும்தான்: காப்போ மெலே, காப்போ செர்வோ, காப்போ பெர்த்தா. மலை கடலுக்குள் மூக்கை நீட்டும் இடங்கள். சாலை ஒவ்வொன்றின்மேலும் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. எதுவும் பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் ஏறி, இறங்கி, ஓர் ஊருக்குள் நுழைந்து, மறுபடி ஏறி என்று வரும்போதுதான் கால்களில் களைப்பு எப்படிச் சேர்கிறது என்று புரியும். சிப்ரெஸ்ஸாவையும் போஜ்ஜோவையும் அந்தக் களைப்போடு ஏறினால்தான் அவற்றின் அர்த்தமே தெரியும். காரில் வந்து இறங்கிப் போஜ்ஜோ ஏறுகிறவருக்கு அது ஒரு மேடு, அவ்வளவுதான்.

என் யோசனை: ஞாயிறு அதிகாலை சைக்கிளோடு ரயில் ஏறி அலாஸ்ஸியோவில் இறங்குங்கள். அங்கிருந்து மேற்கு நோக்கி, பந்தயம் போகும் திசையிலேயே, மூன்று முனைகள், இம்பீரியா, சிப்ரெஸ்ஸா, போஜ்ஜோ, சான் ரெமோவில் வியா ரோமா தெருவில் முடித்துவிடுங்கள். 60 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

தெம்பு இருந்தால் லைகுயேலியாவில் இடையில் ஒரு வேலை செய்யலாம். ஊருக்கு மேலே கொல்லா மிக்கேரி என்ற சின்னஞ்சிறு குடியிருப்பு. இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் செங்குத்து. பால்சா மரத்தெப்பத்தில் பசிபிக்கைக் கடந்த தோர் ஹெயர்டால் பல வருடம் வாழ்ந்த இடம் அது. 2002ல் அங்கேதான் இறந்தார். உலகம் முழுக்கக் கடலில் சுற்றிய மனிதர் இந்த முகட்டைத் தேர்ந்தெடுத்தார் என்பதை, மூச்சு வாங்க மேலே வந்து திரும்பிக் கடலைப் பார்க்கும்போது புரிந்துகொள்ளலாம்.

மலைச்சாரல் | செவ்வாய், மாலை 6.30

நான் தூரினில் வசிக்கிறேன். குளிர் தாங்காமல் பிப்ரவரி, மார்ச்சில் சான் ரெமோ இருக்கும் கடலோர மாநிலமான லிகூரியாவுக்கு ஓடிவிடுவோம். வடக்கே மலைச்சுவர் இருப்பதால் அங்கே குளிர்காற்று அவ்வளவாக வராது. இங்கே பனி கிடக்கும்போது அங்கே மிமோசா பூத்திருக்கும்.

முதலில் உங்கள் மனைவிக்கு. கடலை ஒட்டிப் போன பழைய ரயில் பாதையை 2001ல் உள்ளே மலைக்குள் மாற்றிவிட்டார்கள். கைவிட்ட தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். ஒஸ்பெதலெட்டியிலிருந்து சான் ரெமோ, ஆர்மா வழியாக சான் லொரென்ஸோ அல் மாரே வரை 24 கிலோமீட்டர், கார் கிடையாது, ஏற்றம் கிடையாது, பெரும்பகுதி கடல் பக்கத்திலேயே. சான் ரெமோவுக்கும் ஒஸ்பெதலெட்டிக்கும் நடுவே காப்போ நேரோ என்ற முனைக்குள் பழைய ரயில் சுரங்கம், ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளம். உள்ளே விளக்கு இருக்கிறது, சுவர் நெடுக மிலான்–சான் ரெமோ பந்தய வரலாறு எழுதியிருக்கிறது. உங்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்தப் பாதையில் நடப்பவர்கள், குழந்தைகள், நாய்கள் எல்லாம் உண்டு. அங்கே வேகம் காட்டாதீர்கள், அது மற்றவர்களுடைய மாலை நேரம்.

ரயில்: வட்டார ரயில்களில் சைக்கிள் படம் போட்ட பெட்டி இருக்கும், சைக்கிளுக்குத் தனியாக ஒரு துணைச்சீட்டு எடுக்க வேண்டும். பைக்குள் மடித்துக் கட்டினால் சாமான் கணக்கு. சான் ரெமோ ரயில் நிலையம் மலைக்குள் இருக்கிறது. வாசலிலிருந்து தண்டவாளத்துக்கு ரொம்ப நீளமான நடைபாதை. பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் செருப்போடு நடப்பதற்குக் கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

சட்டம்: ஊருக்கு வெளியே இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டக் கூடாது, ஒருவர் பின் ஒருவர்தான். சுரங்கத்திலும், இருட்டிய பிறகு ஊருக்கு வெளியிலும் ஒளிரும் மேற்சட்டை கட்டாயம், முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். பெரியவர்களுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் போடாமல் இறக்கத்தில் இறங்காதீர்கள், தயவுசெய்து.

சைக்கிளை ஊரிலிருந்து கொண்டுவர வேண்டாம், அங்கேயே வாடகைக்கு எடுங்கள் என்பது என் அனுபவம். எடுத்ததும் கடை வாசலிலேயே பிரேக் கட்டையைக் குனிந்து பாருங்கள். எனக்கு ஒருமுறை தேய்ந்துபோன கட்டையோடு ஒரு கடையில் கொடுத்துவிட்டார்கள், மலைமேல் போன பிறகுதான் தெரிந்தது. பாதி இறக்கம் நடந்தே வந்தேன்.

சேலத்துச் சக்கரம் | செவ்வாய், இரவு 11.00

கண் கலங்குகிறது, உண்மையாகவே. இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மலைச்சாரல் அக்கா, நீங்கள் சொன்ன பாதையைப் படித்துக் காட்டினேன். 'ஆறு நாளும் எனக்கு அது போதும், நீங்கள் மலையில் எங்கே வேண்டுமானாலும் போங்கள்' என்று சொல்லிவிட்டார்.

இரண்டு சந்தேகம். பின்சக்கரத்தில் 11–28 பல் கியர் போதுமா? இறக்கம் எப்படி இருக்கும்? ஏறுவதில் எனக்குப் பயம் இல்லை. அறிமுகமில்லாத மலையில் இறங்குவதில்தான் தயக்கம்.

நீஸ்வாசி | புதன், காலை 0.50

28 வேண்டாம். முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34 பல் கேட்டு வாங்குங்கள். லிகூரியாவின் ஊர்கள் எல்லாம் முகட்டில் இருப்பவை. கணவாய்ச் சாலை 6%, 7% என்று ஒழுங்காகப் போகும், ஆனால் காபிக்காக ஊருக்குள் திரும்பினால் கடைசி 200 மீட்டர் 14% இருக்கும்.

இறக்கத்தைப் பற்றிக் கேட்டது நல்லது. அங்கே ஏற்றத்தில் யாருக்கும் எதுவும் ஆவதில்லை, எல்லாம் இறக்கத்தில்தான்.

மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிக் கல் அடுக்கி எழுப்பிய ஒலிவத் தோட்டங்கள். சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டும் கலை, 2018ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அழகுதான். ஆனால் சாலையும் அந்தப் படிகளுக்கு நடுவேதான் நெளிகிறது. வளைவின் உள்பக்கம் ஆளுயரக் கல்சுவர், மறுபக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. மூன்று சக்கரச் சின்ன வண்டியில் தோட்டக்காரர் நடுச்சாலையில் வருவார், அவர் தாத்தா காலத்திலிருந்து அது அவர்கள் சாலை. ஆகவே உங்கள் பக்கத்துப் பாதியைத் தாண்டாதீர்கள். இத்தாலியில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை நம் ஊர்க்காரர்கள் மறப்பது இறக்கத்து வளைவில்தான். களைத்த மூளை பழைய பக்கத்துக்குத் தானாகப் போகும். ஹேண்டில்பாரில் ஒரு சின்னக் காகிதத்தில் 'வலம்' என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னோர் ஆபத்து. தாஜ்ஜாஸ்கா என்ற உள்ளூர் வகை ஒலிவம் உதிரும் காலம். சின்னக் காய், எண்ணெய் நிறைய. சாலையில் விழுந்து சக்கரங்களில் நசுங்கினால், மழைத்தூறல் பட்டதும் எண்ணெய் தடவிய தரைதான். நான் பதலுக்கோ என்ற மலை ஊருக்குக் கீழே ஒரு வளைவில் அப்படி விழுந்து தோளெலும்பு முறிந்து ஆறு வாரம் வீட்டில் கிடந்தேன். மார்ச்சில் பெரும்பாலும் அறுவடை முடிந்திருக்கும், இருந்தாலும் கறுப்புத் திட்டு தெரிந்தால் அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்னாலேயே, சக்கரம் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

இன்னொன்று: பையார்தோவில் ஏறும்போது வியர்த்திருப்பீர்கள், கணவாயில் 6, 7 டிகிரி இருக்கலாம். காற்றுத் தடுப்புச் சட்டையை முதுகுப் பையில் வைத்திருங்கள். விரல் விறைத்துவிட்டால் பிரேக்கும் இல்லை.

கோவை ரேண்டோ | புதன், காலை 9.20

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் அடுத்த வருடம் போக நினைக்கிறேன். சைவம். மலை கிராமங்களில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மலைச்சாரல் | புதன், பகல் 1.15

தம்பி, லிகூரியா சைவர்களுக்கு இத்தாலியிலேயே நல்ல இடங்களில் ஒன்று. மீன் பிடிக்கும் கரை என்றாலும், மலைக்காரர்களின் சாப்பாடு கீரையும் மாவும் எண்ணெயும்தான்.

ஃபரினாத்தா என்று கேளுங்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஒலிவ எண்ணெய், அவ்வளவுதான். பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். மேலே முறுகலாக, உள்ளே குழைவாக இருக்கும், மிளகு தூவித் தருவார்கள். மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து அதைச் சாப்பிட்டால் உடம்புக்குள் எங்கே போய்ச் சேர்கிறது என்றே சொல்லலாம். ஃபொகாச்சா என்ற தட்டை ரொட்டி எல்லா ஊர் பேக்கரியிலும் கிடைக்கும், காலையில் இரண்டு துண்டு வாங்கி ஜெர்சிப் பையில் வைத்துவிடுங்கள். சான் ரெமோவில் சர்தெனாய்ரா என்று ஒன்று தருவார்கள், தக்காளி போட்டது, பார்க்கச் சைவம் போல இருக்கும். அதில் நெத்திலி வகை மீன் சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். அதேபோல் பெஸ்தோ என்ற பச்சை இலைச் சட்னியில் சீஸ் உண்டு, ஆகவே நீங்கள் பால் தொடாதவர் என்றால் சொல்லிவிட வேண்டும். டோல்சேஆக்வாவில் மிக்கெத்தா என்ற இனிப்பு ரொட்டி, காபியோடு.

பகல் ஒன்று முதல் நான்கு வரை மலை ஊர்களில் கடை அடைத்துவிடுவார்கள். பன்னிரண்டரைக்குள் வாங்கிவிடுங்கள். தண்ணீருக்குக் கவலை இல்லை, ஊருக்கு ஊர் பொதுக்குழாய் உண்டு. 'நோன் பொத்தாபிலே' என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

பெலோட்டான் பிரியன் | வியாழன், மாலை 7.45

பந்தய நாள் பற்றி யாரும் சொல்லவில்லையே.

எல்லோரும் போஜ்ஜோ உச்சிக்குப் போவார்கள், தொலைபேசிக் கூண்டு இருக்கும் திருப்பத்துக்கு. கூட்டத்தின் ஆரவாரம் வேண்டும் என்றால் சரி, ஆனால் உங்களால் பார்க்க முடிவது ஐந்து விநாடி. சாலையைப் பல மணி நேரம் முன்னாலேயே அடைத்துவிடுவார்கள், ஆகவே காலையில் ஏறிப் போய் அங்கேயே இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள். 2025 முதல் பெண்கள் பந்தயமும் அதே நாளில் ஜெனோவாவிலிருந்து தொடங்கி, இதே சிப்ரெஸ்ஸா, போஜ்ஜோ வழியாக ஆண்களுக்கு முன்னால் வருகிறது. முதல் ஆண்டில் லொரேனா வீபெஸ் வென்றார். ஆகவே ஒரே இடத்தில் இரண்டு பந்தயம்.

நான் சொல்வது போஜ்ஜோ ஏற்றம் இல்லை, இறக்கம். 2022ல் மதெய் மொஹோரிச் வென்றது ஏறி அல்ல, இறங்கி. இருக்கையைத் தாழ்த்தும் மலைச்சைக்கிள் கம்பியை ரோடு பைக்கில் மாட்டிக்கொண்டு வந்து, சுவரை உரசுகிற மாதிரி இறங்கினார். ஒரு வளைவுக்கு மேலே சுவர்மேல் இடம் பிடித்து நின்றால், அவர்கள் எவ்வளவு முன்னால் பிரேக் பிடிக்கிறார்கள், எங்கே கை எடுக்கிறார்கள் என்று தெரியும். முந்தாநாள் அதே வளைவை நீங்கள் இறங்கியிருந்தால் அந்த ஐந்து விநாடி வேறு மாதிரி இருக்கும்.

நீஸ்வாசி | வியாழன், இரவு 11.30

இதில் பிரியன் சொல்வதுதான் சரி. அவர் சொன்ன ஞாயிறு ரயில் திட்டத்துக்கும் இப்போது சம்மதிக்கிறேன், ஒரே நிபந்தனை: காலை ஏழரைக்குள் சாலையில் இருக்க வேண்டும். பத்தரைக்கு மேல் அவுரேலியா வேறு சாலை. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வருகிறவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

சேலத்துச் சக்கரம் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.10

ஊர் வந்து சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று இன்றுதான் முழுதாக உட்கார்ந்தேன்.

வியாழன் சைக்கிள் எடுத்தோம். வாசலிலேயே குனிந்து பார்த்தேன் அக்கா. முன்பக்கம் நன்றாக இருந்தது, பின்பக்கக் கட்டை தேய்ந்திருந்தது. சொன்னதும் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள். அன்று மாலை இருவரும் சேர்ந்து கடலோரப் பாதையில் ஆர்மா வரை போய் வந்தோம்.

வெள்ளி, நீஸ்வாசி அண்ணாவின் சுற்று. டோல்சேஆக்வா பாலத்தில் நின்றபோது மணி ஒன்பது. அப்ரிகாலேவுக்கு மேலே ஒரு வளைவில் பின்னால் திரும்பிப் பார்த்தேன், ஊர் கீழே தெரிந்தது, புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பையார்தோ வரை மூன்று கார்கள்தான் என்னைத் தாண்டின, எண்ணினேன். கொல்லிமலை மாதிரி அடுத்தடுத்து வளைவு இல்லை. நீளமாக, ஒரே மூச்சில், மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டே போகிறது. கால்களுக்கு வேறு விதமான பொறுமை வேண்டியிருந்தது. கடைசி மூன்று கிலோமீட்டர் நான் நினைத்ததைவிடக் கஷ்டம். 34 பல் இல்லாமல் இருந்தால் இறங்கி நடந்திருப்பேன்.

கூரையில்லாத அந்தக் கோயிலுக்குள் நான் மட்டும்தான் இருந்தேன். காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. சைக்கிள் ஓட்ட வந்த இடத்தில் இப்படி ஓர் இடம் வரும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே நின்றபோது ஒரு பாட்டி வந்தார். எனக்கு இத்தாலியன் தெரியாது, அவருக்கு வேறு மொழி தெரியாது. சுவரைக் காட்டி, கையை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினார். புரிந்தது என்று தலையசைத்தேன். போகும்போது என் கையைப் பிடித்து 'ஃப்ரெத்தோ' என்றார், குளிர் என்று அர்த்தமாம். சட்டையைப் போட்டுக்கொள்ளும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

செரியானா இறக்கத்தில் இரண்டு இடத்தில் இடப்பக்கம் போய்விட்டேன். இரண்டாவது முறை எதிரே ஒரு வேன். மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தேன், தப்பித்தேன். 'வலம்' என்ற காகிதத்தை நான் ஒட்டியிருக்கவில்லை. அன்று இரவு ஒட்டினேன். போகிறவர்கள் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் சாலை ஒரு வளைவு திரும்பியது, வீடுகள் வந்தன, திடீரென்று நான் போஜ்ஜோவுக்குள் இருந்தேன். பத்து வருடத்துக்கு மேலாகத் திரையில் பார்த்த அந்தத் திருப்பம், அந்தத் தொலைபேசிக் கூண்டு. மறுநாள் பந்தயத்துக்காகத் தடுப்புக் கம்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கவில்லை. சைக்கிளைத் திருப்பி, ஏற்றத்தின் அடிவாரம் வரை கீழே போய், மறுபடி ஏறி வந்தேன். 13 நிமிடம் 20 விநாடி. 60 கிலோமீட்டர் ஓட்டிய கால்களோடு. பிரியன் அண்ணா, நீங்கள் சொன்ன களைப்பு எனக்கு அன்றே கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை இறக்கத்து வளைவு ஒன்றின் சுவர்மேல் இருவரும் ஐந்து மணி நேரம் இருந்தோம். பெண்கள் வந்தபோது என் மனைவி எழுந்து நின்று கத்தியதை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆண்கள் வந்தபோது முதலில் கேட்டது ஹெலிகாப்டர், பிறகு மோட்டார் சைக்கிள், பிறகு ஒரு சத்தம், டயர் தார்மேல் இழுபடும் 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம். திரையில் அந்தச் சத்தம் வருவதே இல்லை.

ஞாயிறு அலாஸ்ஸியோ ரயிலைத் தவறவிட்டோம். நடைபாதை நீளம் பற்றி அக்கா எச்சரித்தும், பத்து நிமிடம்தான் வைத்துக்கொண்டோம். அடுத்த ரயிலில் போனதால் காப்போ மெலேயில் ஏறும்போதே ஒன்பதரை. பெர்த்தாவுக்குப் பிறகு இம்பீரியாவுக்குள் நல்ல நெரிசல், பேருந்துக்குப் பின்னால் புகையில் ஊர்ந்தேன். ஆனாலும் மூன்று முனைகளும் எனக்குப் பிடித்தன. செர்வோவில் கடலைப் பார்த்து நிற்கும் தேவாலயம், பவளம் எடுக்கக் கடலுக்குப் போனவர்கள் கட்டியது என்றார்கள். அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது அதைப் பார்ப்பதும், காரில் போய்ப் பார்ப்பதும் ஒன்றல்ல. கொல்லா மிக்கேரி ஏறவில்லை. நேரமில்லை, அது மட்டும் மனதில் உறுத்துகிறது.

திங்கள் மழை. ஓட்டவில்லை. செவ்வாய் ஆர்ஜென்டினா பள்ளத்தாக்கில் பதலுக்கோ வரை மனைவியும் வந்தார், லேசான ஏற்றம் என்பதால் அவரே கேட்டு வந்தார். அங்கே ஒரு தோட்டக்காரரிடம் இரண்டு போத்தல் எண்ணெய் வாங்கினோம். இட்லிப்பொடிக்கு அதை ஊற்றிப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது.

கோவை ரேண்டோ | ஞாயிறு, இரவு 8.00

படிக்கப் படிக்க உடனே கிளம்ப வேண்டும் போல இருக்கிறது. எனக்கு மார்ச்சில் விடுப்பு கிடைக்காது. அக்டோபர் எப்படி?

நீஸ்வாசி | ஞாயிறு, இரவு 9.35

அக்டோபர் முதல் பாதி மிக நல்லது. கடல் இன்னும் சூடாக இருக்கும், கூட்டம் போயிருக்கும். இரண்டாம் பாதியில் பெருமழைக்கு வாய்ப்பு அதிகம், பள்ளத்தாக்குச் சாலைகளில் மண் சரியும். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். செரியானா இறக்கம் திறந்திருக்கிறதா என்று அந்த வாரம் நான் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சேலத்துத் தம்பி, கொல்லா மிக்கேரிக்கு நீங்கள் மறுபடி வரும்போது நானும் கூட வருகிறேன்.